பதினெட்டுப் பல் காலம்

பழனிசெட்டிபட்டியில் நான் சைக்கிள் பழுது பார்க்க உட்கார்ந்த காலத்தில் கியர் என்றால் லாரிக்குத்தான். சைக்கிளுக்கு முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸானாலும், வடக்கேயிருந்து வந்த ஹீரோ, அட்லஸானாலும் பெரும்பாலும் இதே கணக்குதான். 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர்.

வீரபாண்டி வரை போக அது போதும். ஆடியில் கம்பம் பக்கமிருந்து காற்று எதிரே அடித்தால் முட்டி கழன்றுவிடும். அதனால் வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் 22 பல் ஃப்ரீவீல் மாட்டச் சொல்வார்கள். சுற்றுக்கு 4.4 மீட்டர்தான், ஆனால் மிதி லேசு. பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் செயின் எட்டும்; எட்டாவிட்டால் ஒரு கண்ணி சேர்ப்பேன்.

நம்மூர்தான் பின்தங்கியது என்று நினைக்க வேண்டாம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை செயினைத் தாவவைக்கும் டிரெய்லருக்கு அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வீரர்கள் ஏறினார்கள்.

இப்போது உடம்புக்காக ஓட்டும் பிள்ளைகள் முன்னால் 50, 34 என்று இரட்டைப் பல்லோடு வருகிறார்கள். வசதி இருந்தும் எதிர்காற்றில் ஐம்பதிலேயே அழுத்துவார்கள்.

“அண்ணே, பெரிய பல்லுதானே வேகம்?”

“அதுக்கு உன் முட்டி சம்மதிக்கணும்ல தம்பி. 80 சுத்துக்குக் குறையாம மிதி. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே 34-க்கு மாத்திரு. பாரம் விழுந்த பிறகு மாத்தினா செயின்தான் அறும்.”