யாருக்கு அந்த ஆசனம்?

ஹெவ்லொக் டவுனில் இன்று வளரும் பிள்ளைகளுக்கு ஹெவ்லொக் சிட்டியைத் தெரியும். அந்த அடுக்குமாடிகள் எழுந்துள்ள 18 ஏக்கர் நிலத்தில் ஒருகாலம் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இரைந்துகொண்டிருந்ததைத் தாத்தாமாரிடம்தான் கேட்டறிய வேண்டும். 1890 முதல் 1895 வரை ஆளுநராக இருந்த ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயர் இந்தப் பகுதியில் நிலைத்துவிட்டது. மில் போய்விட்டது.

1933இல் அந்த மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் பக்கம் நின்றவர் இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந்தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் போனார்; மலையாளத் தொழிலாளருக்கு எதிரான பேச்சும் அவரோடு சேர்ந்து போனது. பதினான்கு வருடம் கழித்து, 1947 பொதுத்தேர்தலில், வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியைக் கொல்வின் வென்றார்.

மில் வாசலிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர்கள் கொழும்பில் அபூர்வம். மற்றவர்களுடைய கதை பெரும்பாலும் யாரோ ஒரு பிரமுகரின் வரவேற்பறையில் தொடங்கும். ஆசனம் யாருக்கு, யார் ஒதுங்க வேண்டும் என்ற தீர்மானம் வாக்காளர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு வெகு முன்பே அங்கே ஆகியிருக்கும். கொழும்புத் தமிழருக்கு இது 1921இலேயே தெரிந்துபோனது.

கதையைப் பத்து வருடம் முன்னே தொடங்க வேண்டும். 1911இல் சட்டநிரூபண சபையில் ‘படித்த இலங்கையர்’ என்று ஒரே ஓர் ஆசனம் ஏற்படுத்தப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் வசதியும் உள்ள ஆண்கள், நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 பேர், வாக்காளர்கள். பொன்னம்பலம் இராமநாதனும் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டார்கள், இராமநாதன் வென்றார். சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த வாக்காளர் தமிழரைத் தெரிவுசெய்தார்கள் என்று இதை இன ஒற்றுமைக்குச் சாட்சியாகச் சொல்வோர் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். கராவ சமூகத்தவரான மார்க்கஸ் பெர்னாண்டோவை விட வேளாளத் தமிழர் மேல் என்று கொவிகமப் பிரமுகர் பலர் கருதியதும் அந்த வெற்றிக்குள் இருக்கிறது. அன்றைய மேட்டுக்குடிக்கு இனத்தை விடச் சாதி நெருக்கம்.

இராமநாதனின் தம்பி அருணாசலம். இலங்கை சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் நுழைந்த முதல் இலங்கையர். 1901 குடிசன மதிப்பை நடத்தியவர். ஓய்வுபெற்ற பின் அரசியல் சீர்திருத்தத்தில் இறங்கினார். சிங்கள, தமிழ்ச் சங்கங்கள் எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் சேர்ப்பது அவருடைய ஆசை. யாழ்ப்பாணச் சங்கம் தயங்கியது. பிரதேசவாரியாகத் தேர்தல் வைத்தால் எங்கள் கதி என்ன என்று கேட்டது. அந்தத் தயக்கத்தைப் போக்க, 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்தில் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாங்கள் முனைந்து ஆதரிப்போம். அந்தக் கடிதத்தின் பலத்தில்தான் யாழ்ப்பாணம் சம்மதித்தது. 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவர் அருணாசலம்.

மனிங் ஆளுநரின் சீர்திருத்தத்தின் கீழ் 1921இல் தேர்தல் வந்தது. மேல் மாகாணத்துக்கு மூன்று பிரதேச ஆசனங்கள். அவற்றில் ஒன்று கொழும்பு நகரம். தமிழருக்கெனத் தனி ஆசனம் ஒதுக்கப்படவில்லை. அப்படியானால் கொழும்பு நகர ஆசனமாவது காங்கிரஸின் முதல் தலைவருக்குக் கிடைக்கும் என்று தமிழர் எதிர்பார்த்தார்கள். கொழும்பில் அவரை விடப் பொருத்தமான அபேட்சகர் யார்? காங்கிரஸ் பிரமுகர்கள் ஜேம்ஸ் பீரிஸின் பின்னால் அணிவகுத்தார்கள். வாக்குறுதிக் கடிதத்தில் கையெழுத்திட்ட அதே ஜேம்ஸ் பீரிஸ்! அருணாசலம் ஒதுங்கினார், பீரிஸ் சபைக்குப் போனார்.

கடிதம் தனி ஆசனத்தைப் பற்றியது, கொழும்பு நகரத்தைப் பற்றியதல்ல என்று பீரிஸ் தரப்பில் வாதிட இடமுண்டு. சட்டத்தரணி வாதம் அது. நண்பர்களுக்கிடையே கொடுத்த வாக்கை உறுதிப் பத்திரத்தின் வாசகம் போலப் பிரித்துப் படிக்கத் தொடங்கினால் நட்பு அங்கேயே முடிந்தது. அப்படித்தான் முடிந்தது. அருணாசலம் காங்கிரஸை விட்டு விலகினார்; 1921இல் தமிழர் மகாஜன சபை, 1923இல் இலங்கைத் தமிழர் கழகம். 1924 ஜனவரியில் மதுரையில் அவர் காலமானார். நாட்டின் இனப்பிளவு ஒரு வேட்பாளர் நியமனத்தில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் சேர்ந்து நடந்தவர்கள் முதன்முதல் பிரிந்து நடந்த சந்தி அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் இறந்த அதே 1924இல், மேல் மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனத்தை ஆட்சியாளர் உருவாக்கினார்கள். அதில் தெரிவானவர் அவருடைய மகன் மகாதேவா. ஏழு வருடம்கூட அந்த ஆசனம் நிலைக்கவில்லை. டொனமூர் அரசியலமைப்பு 1931இல் இனவாரி ஆசனங்களை ஒழித்து, 21 வயது நிறைந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது.

இனித் தமிழர் கொழும்பில் வெல்வதென்றால் எல்லோருடைய வாக்காலும்தான். முடியுமா என்ற கேள்விக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் பதில் சொன்னது. கொழும்பு வடக்கில் டொக்டர் ரட்ணசோதி சரவணமுத்து வென்றார். தேர்தல் மனுவில் அந்த வெற்றி பறிபோனதும், 1932 இடைத்தேர்தலில் மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்று, அரசாங்க சபையின் இரண்டாவது பெண் உறுப்பினரானார். 1936இலும் அவரே. கணவர் 1937இல் கொழும்பின் முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். (பொரளை பி. சரா மைதானத்தின் ‘சரா’ இவருடைய சகோதரர்.) கட்சிகள் முற்றாத காலம் அது, பட்டியல் போட ஆளில்லாததால் வீட்டுப்பெயரும் வைத்தியரின் கைராசியும் போதுமாக இருந்தன.

கட்சிகள் முற்றியதும் கணக்கு மாறியது. 1947இல்கூட 95 ஆசனங்களில் 21இல் சுயேச்சைகள் வென்றார்கள். 1956இல் கட்சிகள் ஒருவர் தொகுதியில் மற்றவர் நிற்பதில்லை என்று உடன்படிக்கை செய்யும் அளவுக்கு வந்துவிட்டன. பண்டாரநாயக்கவின் அணி சமசமாஜக் கட்சியுடனும் கம்யூனிஸ்டுகளுடனும் அப்படியொரு போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்தது. தனிச்சிங்களம் கேட்டவர்களும் அதை எதிர்த்தவர்களும் தொகுதிகளை மட்டும் சமாதானமாகப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தத் தேர்தலில் சமசமாஜக் கட்சியின் கொல்வின் மறுபடி வெள்ளவத்தை–கல்கிசையை வென்று, தனிச்சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்தார். அதே கொல்வின் அமைச்சராக இருந்து வரைந்த 1972 அரசியலமைப்பில் சிங்களம் அரசகரும மொழியாக அமர்ந்ததை வெள்ளவத்தை மூத்தவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.

1978 அரசியலமைப்பு தொகுதியையே எடுத்துவிட்டு மாவட்டப் பட்டியலைக் கொண்டுவந்தது. முதலில் எழுதியபடி, கட்சி போட்ட வரிசையே தெரிவு வரிசை. 1988இல் 14ஆவது திருத்தம்தான் வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகளைக் கொடுத்தது. கொழும்புத் தமிழருக்கு அது பெரிய கருவி. சிதறிக் கிடக்கும் வாக்குகளை ஓர் இலக்கத்தில் குவிக்கலாம். 2004இல் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலிலிருந்து மனோ கணேசனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மகேஸ்வரனும் தெரிவானார்கள். மகேஸ்வரன் 2008 புத்தாண்டு தினத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தந்தை கட்டிய கோவில் அது.

கருவி இருந்தாலும் பட்டியலில் இடம் வேண்டும். பட்டியலும் ஏற்கப்பட வேண்டும். 2006 கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனுவே நிராகரிக்கப்பட்டது. இளைஞர் வேட்பாளர் ஒருவரின் வயது பொருந்தவில்லை. கட்சி அவசரமாக மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவை ஆதரித்தது. வென்றதும் அவர்கள் பதவி விலகி, கட்சிக்காரருக்கு இடம்விட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வென்றார்கள், விலகவில்லை. முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர், உவைஸ் முகமது இம்தியாஸ், கொழும்பின் மேயரானார். வரவேற்பறைகள் ஏமாந்த ஒரே தேர்தல் என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

2024 நவம்பரில் கொழும்பு மாவட்டத்தின் 18 ஆசனங்களில் 14 தேசிய மக்கள் சக்திக்கும் 4 ஐக்கிய மக்கள் சக்திக்கும் போயின. மனோ கணேசன் தோற்றார். டிசம்பரில் ஐக்கிய மக்கள் சக்தி அவருக்குத் தேசியப் பட்டியல் ஆசனம் கொடுத்தது. 1924இல் ஆளுநர் கொடுத்த ஆசனம், 2024இல் கட்சித் தலைமை கொடுத்த ஆசனம். நூறு வருடத்தில் கொடுக்கும் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகள் அடுக்குமாடிக்காக இடிபட்டு வருகின்றன. சரவணமுத்து, கொல்வின் காலத்துத் துண்டுப்பிரசுரமோ சுவரொட்டியோ உங்கள் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இந்தத் தொடருக்குப் பிரதி அனுப்புங்கள்.

அடுத்த வாரம்: 1931இல் யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனு கொடுக்காத கதை.