கடலோடிகள் விட்டுச்சென்ற எழுத்துக்கள்

பண்டைக் கடல் வாணிகத்தை ஆராய்வோர்க்கு இலக்கியமும் நாணயமும் பெருந்துணையாவன. எனினும், அவை பெரும்பாலும் மன்னரையும் பெருவணிகரையும் பற்றியே பேசுவன. புகார்த் துறையிற் பண்டங்களின்மேற் சோழரின் புலிப்பொறி இடப்பெற்றதைப் பட்டினப்பாலை கூறும். அஃது அரசின் பொறி. கலத்திற் சென்ற தனி மாந்தர் தம் கையாற் பொறித்த எழுத்துக்களும் உள. அவை எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகா என வரையறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆப்பிரிக்காவின் கிழக்கு முனைக்கு அப்பால் அமைந்தது சொகோத்திராத் தீவு. அதன் வடகீழ்க் கரையோரத்து ஹோக் என்னும் குகையுள் 2000–2001ஆம் ஆண்டுகளிற் பெல்ஜிய நாட்டுக் குகை ஆய்வாளர் எழுத்துக்கள் பலவற்றைக் கண்டனர். கரியாலும் சுண்ணத்தாலும் சேற்றாலும் எழுதியனவும் கல்லாற் கீறியனவுமாக இருநூற்றுக்கு மேற்பட்டவை ஆங்குள்ளன. அவற்றுட் பெரும்பாலன பிராமி எழுத்தின. தென்னரேபிய, எத்தியோப்பிய, கிரேக்க எழுத்துக்களும், கி. பி. 258ஆம் ஆண்டிற்குரிய பல்மைரா நாட்டு மரப்பலகை ஒன்றும் உடன் கிடைத்துள்ளன. இவற்றை இங்கோ ஸ்டிரௌக் 2012இற் பதிப்பித்தார். எழுதினோர் தம் பெயரும் தந்தை பெயரும் ஊரும் தொழிலும் குறித்து, 'வந்தான்' என்னும் அளவில் முடிக்கின்றனர். பரூகச்சத் துறையும் இவற்றுட் குறிக்கப்பெறுகின்றது. கதிரவன் ஒளி புகாத உட்பகுதியிலும் இவை காணப்படுதலின், எழுதியோர் விளக்கேந்திச் சென்றமை தெளிவு. குகைச்சுவர் இடம்பெயர்வதன்று. ஆகலின், ஆங்குள்ள பெயர், அப்பெயரினர் ஆங்கு வந்தமைக்கு நேர்ச்சான்றாம்.

லிமிரிகே எனக் கிரேக்கர் வழங்கிய முசிறிக் கரையிலிருந்து செல்லும் கலங்களும் இத்தீவை அடுத்தல் உண்டு எனப் பெரிப்ளூசு நூல் கூறும். எனினும், குகையின் பிராமி பெரும்பான்மையும் மேற்கிந்திய வடிவினது. மொழியும் வடமொழியும் பிராகிருதமும் கலந்தது. ஆகவே, இக்குகையைத் தமிழ்க் கடலோடிகளுக்குச் சான்றாகக் காட்டல் பொருந்தாது.

தமிழெழுத்துக்குச் செங்கடற் கரையை நோக்குதல் வேண்டும். எகிப்தின் குசைர் அல்-கதீம் என்னும் பழந்துறையில், 1978 முதல் 1982 வரை சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்விற் 'கணன்', 'சாதன்' என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்பனவே இவை. தமிழ்ப் பிராமியில் இரட்டித்த மெய்யை ஒற்றையாக எழுதும் வழக்குண்டு. ஈற்றில் நிற்கும் றன்னகரமோ வடநாட்டுப் பிராமியில் இல்லாதது. கூலவாணிகன் சாத்தனாரை அறிந்த நமக்குச் சாத்தன் என்னும் பெயர் புதிதன்று. பின்னர் அத்துறையிலேயே கிடைத்த சேமிப்புச் சாடியொன்றின் உடைவிற் 'பானை ஒறி' என இருமுறை பொறித்திருத்தலை ஐராவதம் மகாதேவன் படித்து, உறியிலிட்ட பானை எனப் பொருள் கண்டார்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பானை, சுவர் போன்றதன்று. உடையவன் ஊரிலிருக்கப் பிறர் கலத்திலும் அது செல்லும். எனவே, தமிழகத்துப் பானையிலுள்ள தமிழ்ப் பெயர், தமிழர் ஆங்குச் சென்றமையைத் தானே நிறுவாது. இவ்வையத்தைப் பெரிதும் நீக்குவது பெரெனிகேத் துறையில் 1995இற் கிடைத்த ஓடு. அதிற் 'கொறபூமான்' எனப் பொறிக்கப்பட்டுளது. அவ்வோடு உரோமரின் மதுச்சாடியின் உடைவு. மேனாட்டுச் சாடி தமிழகம் வந்து, பெயர் பெற்று, மீண்டும் எகிப்து சென்றது எனக் கொள்ளல் அரிது. தமிழெழுத்து அறிந்தவர் ஒருவர் அத்துறையிலேயே அதனைப் பொறித்தார் எனக் கொள்ளுதலே நேரிது.

இதனால், எழுத்தின் வடிவம் மட்டும் போதாது என்பது பெறப்படும். எழுதப்பட்ட பொருள் நிலைபெற்றதா, இயங்குவதா? இயங்குவதாயின் எந்நாட்டு மண்ணால் ஆயது? இவ்வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே முடிவு கூறல் வேண்டும். தமிழர் கடல்கடந்த பெருமையை மிகைப்படக் கூறுவோர்க்கும், அதனை முற்றும் மறுப்போர்க்கும் இம்முறையே விடையாகும். ஒரு சாடியின் உடைவிற் கொற்றபூமான் விட்டுச்சென்ற பெயர், அடைமொழி எதனையும் வேண்டாமலே தன் சான்றினை உரைக்கின்றது.