டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்

ஓர் ஆப்ஜெக்ட் தனக்குத் தேவையான பிற ஆப்ஜெக்ட்டுகளைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் மென்பொருள் வடிவமைப்பு முறை. மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரை இப்பெயரைப் பரவலாக்கியது. அதே ஆண்டு, இம்முறையைப் பயன்படுத்தும் ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் 1.0 வெளிவந்தது.

பில் போடும் ஆப்ஜெக்ட் ஒன்று, மின்னஞ்சல் அனுப்பும் ஆப்ஜெக்ட்டைத் தனக்குள்ளேயே உருவாக்கினால், சோதனை ஓட்டத்திலும் நிஜ மின்னஞ்சல் போய்விடும். அதையே, ஆப்ஜெக்ட் உருவாகும்போது இயங்கும் கன்ஸ்ட்ரக்டர் வழியே கொடுத்தால், சோதனையின்போது போலி ஒன்றைக் கொடுக்கலாம். பில் நிரலில் ஒரு வரிகூட மாறாது. ஆப்ஜெக்ட் உருவான பின் கொடுக்கும் செட்டர் வழியும் உண்டு. ஆனால் கொடுக்க மறந்தால், நிரல் ஓடும்போதுதான் தெரியவரும் என்பதால் கன்ஸ்ட்ரக்டரே மேல்.

ஆப்ஜெக்ட்டுகள் பெருகும்போது அவற்றை உருவாக்கி இணைக்கும் வேலையை ஸ்பிரிங் போன்றவற்றில் உள்ள கண்டெய்னர் ஏற்கிறது. இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றையொன்று கன்ஸ்ட்ரக்டரில் கேட்டால் ஸ்பிரிங் பிழை காட்டி நின்றுவிடும். சிறிய நிரலுக்குக் கண்டெய்னர் தேவையே இல்லை.