வாக்கு வளர்ந்தது, பணப்பை சுருங்கியது: சென்னை மாமன்றமும் நிதி அதிகாரமும், 1688–2023

சென்னை மாநகராட்சியின் வரலாற்றை மக்களாட்சி சிறுகச் சிறுக முதிர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். நியமன உறுப்பினர்கள் இருந்த இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வந்தார்கள், பிறகு எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது என்று அந்தக் கதை ஓடும். வாக்குச்சீட்டை மட்டும் பார்த்தால் அது சரிதான். வரவு-செலவுப் புத்தகத்தைத் திறந்தால் எதிர்த்திசையில் ஒரு கதை தெரிகிறது. மாமன்றத்தில் உட்காரும் உரிமை விரிய விரிய, அது முடிவெடுக்கக்கூடிய பணமும் பணிகளும் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கமே வரியில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் ஜோசையா சைல்டு 1687 டிசம்பரில் நகராட்சிக்கான பட்டயத்தை வழங்கச் செய்தார். ஊராரே ஊராருக்கு வரி போட்டால் முணுமுணுக்காமல் கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. கம்பெனி நேரடியாகப் போட்ட வரிகளுக்கு அதற்கு முன்பே எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. 1688 செப்டம்பர் 29 அன்று மேயர் நத்தேனியல் ஹிக்கின்சனும் 12 ஆல்டர்மேன்களும் பொறுப்பேற்றனர். அந்தப் பன்னிருவரில் ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசியரும் யூத வணிகரும் இந்துக்களும் இருந்தார்கள். பரந்த மனம் என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. வரி கட்டக்கூடிய ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஆள் பிடித்த ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

அடுத்த இருநூறு சொச்சம் ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1726ஆம் ஆண்டுப் பட்டயம் மேயரை நீதிமன்றத்தின் பக்கம் தள்ளியது. 1793க்குப் பின் வீட்டு வரியும் துப்புரவும் அமைதி நீதிபதிகள் கைக்குப் போயின. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டுப் பிரிவுகளாக்கி 32 நியமன உறுப்பினர்களை அமர்த்தியது. 1878இல் அவர்களில் பாதிப்பேர் வாக்கால் வந்தனர். 1884இல் வாக்கால் வந்தோர் 24 ஆயினர். 1904ஆம் ஆண்டுச் சட்டம் மொத்த இடங்களை 36 ஆக்கி, வாக்கால் வருவோரை 20 ஆகக் குறைத்தது.

இன்றைய அமைப்பின் எலும்புக்கூட்டைத் தந்தது 1919ஆம் ஆண்டின் நான்காம் சட்டம். தீர்மானம் போடுவது மன்றம், கணக்கை ஆராய்வது நிலைக்குழு, நிறைவேற்றுவது அரசு நியமிக்கும் ஆணையர் என்று மூன்று அதிகாரங்களை அது வகுத்தது. வரவு-செலவு மதிப்பீட்டை ஆணையரின் அலுவலகம் தயாரிக்கும்; நிலைக்குழு வழியாக அது மன்றத்துக்கு வரும். மன்றம் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைச் செலவழிக்கும் அதிகாரி மன்றத்துக்குக் கட்டுப்பட்ட ஊழியர் அல்லர். அவரை அனுப்புவதும் மாற்றுவதும் அரசு.

இந்த ஏற்பாட்டின் வலுவும் வரம்பும் ஒருசேரத் தெரியும் இடம் மதிய உணவு. மன்றம் தேர்ந்தெடுத்த முதல் தலைவரான பிட்டி தியாகராயர் காலத்தில், 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆனது. அதன் பிறகும் 1925 ஏப்ரல் 1 முதல் சோறு நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்க அரசு இசையாததே காரணம். மன்றத்தின் விருப்பத்திலும் குறையில்லை, பள்ளி வருகையிலும் குறையில்லை. எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்பதை இன்னொருவர் தீர்மானித்தார். 1927இல் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தது இதைவிடக் கடுமையானது. போலிப் பெயர்களில் கூலி எழுதிய மஸ்டர் ரோல் ஊழல் வெடித்ததை அடுத்து 1973 டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டது. ஊழல் செய்தவர்களைத் தண்டிப்பது ஒன்று; வாக்காளரின் மன்றத்தையே 23 ஆண்டுகள் பூட்டிவைப்பது வேறு. அந்த இடைவெளியில் நகரின் முக்கியப் பணிகள் இடம்பெயர்ந்தன. நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. தட்டிக்கேட்க மாமன்ற உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாத காலம் அது. விளைவு இன்றும் தெருவில் கிடக்கிறது: மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, அதற்குப் பக்கத்திலேயே ஓடும் கழிவுநீர்க் குழாய் வாரியத்துடையது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும்போது வார்டு உறுப்பினரைத்தான் மக்கள் தேடிப்போகிறார்கள்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல் அதில் முதலாவது. குடிநீர் வழங்கலும் உண்டு. 1996இல் மன்றம் திரும்பியது, மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். போன பணிகள் மட்டும் திரும்பவில்லை. மேயர் தேர்தல் முறையோ நேரடி, மறைமுகம் என்று 2006, 2011, 2022 தேர்தல்களில் மாறிக்கொண்டே இருந்தது. 2011இல் நகரின் பரப்பு 176இலிருந்து 426 சதுர கிலோமீட்டராகவும் வார்டுகள் 200 ஆகவும் பெருகியபோதும் மன்றத்தின் பணிப்பட்டியல் நீளவில்லை.

2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை மறுபடியும் மன்றம் இல்லை. அப்போது மன்றத்தின் இடத்தில் இருந்த தனி அலுவலரும் ஆணையரே. ஆணையராகப் பட்ஜெட்டைத் தயாரித்தவர் தனி அலுவலராக அதற்கு ஒப்புதல் அளித்தார். 1919ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துவைத்த இரண்டு நாற்காலிகளிலும் ஒருவரே உட்கார்ந்தார்.

2022 தேர்தலில் வந்த மன்றத்தின் முன் முதலில் நின்ற பெரிய கேள்வி சொத்து வரி. 1998க்குப் பின் நிலைத்த பொதுச்சீராய்வு நடந்திருக்கவில்லை. நகரின் பழைய பகுதிகளில் குடியிருப்புகளுக்கு அளவைப் பொறுத்து 50 முதல் 150 விழுக்காடு வரை உயர்வை 2022 ஏப்ரலில் அறிவித்தது மாநில அரசு. மத்திய நிதி ஆணையத்தின் மானிய நிபந்தனையை அரசு காரணமாகக் காட்டியது. விகிதத்தை மன்றம் வகுக்கவில்லை. வந்ததை ஏற்றுத் தீர்மானம் போட்டது. உயர்வு தேவையாக இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் வசூலின்போது ஏச்சு வாங்கும் வார்டு உறுப்பினருக்கு விகிதத்தைப் பேசும் வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும்.

1973 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடைப்பட்ட சுமார் 48 ஆண்டுகளில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் சென்னைக்கு மாமன்றமே இல்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் விலக்கப்பட்டு, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழும் ஆணையரை நியமிப்பது மாநில அரசுதான்.