நஞ்சுக்கு வரி

புகையிலை நமது பழைய பயிர் அன்று. சங்க நூல்களில் அதற்குப் பெயர் கிடையாது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியரின் கப்பலேறி இந்தியக் கரைக்கு வந்த இலை அது. வந்து சில தலைமுறைகளுக்குள் அது நம்முடையதாகவே ஆகிவிட்டது. ஆங்கிலேயர் தம் மொழியில் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டி'லிருந்து பிறந்ததுதான். திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் சுருட்டுத் தொழில் செழித்தது. மலாயாத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலிகளாக வந்தவர்களின் மடியில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் சேர்ந்து வந்தது. ரயில்வே உத்தியோகம் பார்க்க வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழருக்கும் சுருட்டு ஊர் நினைவைத் தரும் பொருளாக இருந்தது. தாத்தாவுக்குச் சுருட்டு வாங்கிவர மளிகைக் கடைக்கு ஓடிய சிறுவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பிள்ளைகளிடம் இதை விற்கலாமா என்று கடைக்காரரும் எண்ணவில்லை. அனுப்பிய நாமும் எண்ணவில்லை.

அரசாங்கங்கள் மட்டும் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்தன. ஆனால் அவை எண்ணிய முறை விந்தையானது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604ஆம் ஆண்டில் புகையிலையைக் கடுமையாகச் சாடி ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் அதன் இறக்குமதி வரியையும் பன்மடங்கு உயர்த்தினார். தீயது என்று சொன்னவர் அதனை நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவில்லை. வரும் வழியில் உண்டியலை வைத்தார். மொகலாய மன்னர் ஜஹாங்கீர் 1617இல் தடையே விதித்துப் பார்த்தார், மக்கள் கேட்கவில்லை. தடை செய்வதா, வரி வாங்குவதா என்ற இந்தப் பழைய கேள்விதான் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

கோலாலம்பூர் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் என்று படித்திருக்கிறோம். அந்த ஊரை ஆள்வதற்கான பணத்தில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்தது என்பதைப் பாடநூல்கள் மெதுவாகத்தான் சொல்லும். 1868 முதல் 1885 வரை கப்பித்தான் சீனாவாக இருந்த யாப் ஆ லோய் போன்றவர்களிடம் அபினி, சூதாட்டம் முதலியவற்றின் வரிக்குத்தகை இருந்தது. பகலெல்லாம் சுரங்கத்தில் உழைத்தவனின் கூலி, இரவில் அபினிக் குழாய் வழியாகக் குத்தகைதாரரிடமே திரும்பிச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்க வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்து வந்ததாகும். எதிர்ப்பு வளர்ந்தது; 1907இல் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பிறகு அரசாங்கம் செய்தது என்ன? குத்தகையை ஒழித்துவிட்டுத் தானே விற்பனையை ஏற்றுக்கொண்டது! முழுத் தடையைப் பிரிட்டன் அறிவித்தது 1943 நவம்பரில்தான். அப்பொழுது மலாயா ஜப்பானியரின் கையில் இருந்தது. இழப்பதற்கு அபினி வருவாய் எதுவும் பிரிட்டனிடம் இல்லை.

நம்மவரோடு நேரடியாகத் தொடர்புடையது கள். தோட்டந்தோறும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. கடையை மூடினால் தொழிலாளி கள்ளச் சம்சுவைத் தேடிப் போவான், அது இன்னும் கேடு என்பது துரைமார்களின் வாதம். 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச்.நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லாத உரிமை ஆகிய கோரிக்கைகளுடன், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையை மூடு என்று கேட்டவர்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களே. தங்கள் கூலி எங்கே போகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். போதைப்பொருள் பற்றிய சட்ட விவாதங்களில் இப்படி வாங்குவோர் பக்கத்திலிருந்து குரல் எழுவது அரிது. பெரும்பாலும் விற்பவரும் வரி வாங்குபவரும் மருத்துவரும்தான் பேசுவார்கள்.

சிகரெட்டின் கதைக்கு வருவோம். பெட்டாலிங் ஜெயாவில், ஜாலான் யுனிவர்சிட்டி என்று அந்நாளில் வழங்கிய சாலையில் பெரிய சிகரெட் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை அமைந்ததும் அதே சாலையில்தான். ஒரு முனையில் உற்பத்தி, மறுமுனையில் சிகிச்சை! அத்தொழிற்சாலையை மூடப்போவதாக 2016இல் அறிவிப்பு வந்தது.

1980களில் அரசாங்கத் தொலைக்காட்சியில் நேரடிச் சிகரெட் விளம்பரம் நின்றுபோயிற்று. பெயர்கள் மட்டும் நிற்கவில்லை. சுற்றுலா நிறுவனம் என்றும் ஆடை அணி என்றும் அவை வேறு வேடத்தில் வந்தன. மலேசியக் காற்பந்து லீக் போட்டியே 2004 வரை 'டன்ஹில்' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. புகை பிடித்தால் மூச்சு வாங்கும் என்று திடலில் சொல்லித் தரும் பயிற்சியாளரின் தலைக்கு மேல் அந்தப் பெயர்ப்பலகை தொங்கியது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இதைப் பல ஆண்டுகள் எதிர்த்து எழுதி வந்தன.

1993இல் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் பிறந்தன. அவை எந்தச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டன தெரியுமா? 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ்! அரிசிக்கும் பாலுக்கும் உரிய சட்டத்தின் நிழலில்தான் புகையிலை 30 ஆண்டுகள் தங்கியிருந்தது. 2004இல் விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. 2005இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. 2009இல் பெட்டிகளின் மேல் நோயின் படங்கள் ஏறின. 2010இல் 20 சிகரெட்டுக்குக் குறைந்த சிறு பெட்டிகள் தடை செய்யப்பட்டன. அவை மாணவர்களின் கைக்காசுக்கு எட்டும் பெட்டிகளாக இருந்தவை. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களிலும் புகை பிடிக்கத் தடை வந்தது. மாமாக் கடை மேசையில் தே தாரிக்கும் சிகரெட்டும் ஒன்றாக இருந்த காலம் அவ்வாறு முடிந்தது. இதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் சென்றார்கள், வெற்றி கிட்டவில்லை.

இந்நிலையில்தான் மின்சிகரெட் வந்தது. 'வேப்' என்றே எல்லாரும் அழைக்கிறார்கள். இதில் இலையும் இல்லை, நெருப்பும் இல்லை. நறுமணச் சாறு சூடாகி ஆவியாகிறது. அச்சாற்றில் பெரும்பாலும் நிக்கோடின் கலந்திருக்கும். நிக்கோடின் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப் பட்டியலில் இருந்தது. ஆகவே அதைக் கலந்த சாற்றை உரிமம் பெற்ற மருந்தாளரும் மருத்துவரும் அன்றி வேறெவரும் விற்க இயலாது. சட்டம் இவ்வாறு இருக்க, கடைகளோ வீதிக்கு வீதி திறந்தன. 2015இல் சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் எஸ்.சுப்பிரமணியம் தடையை விரும்பினார், அமைச்சரவை இணங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கான கலால் வரி 28 சென்னிலிருந்து 40 சென்னாக உயர்ந்தது. வரி கூடியதும் கடத்தல் சிகரெட் பெருகிற்று என்று தொழில்துறையினர் முறையிட்டார்கள். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் கொள்கலனாகச் சுங்க இலாகா சிகரெட்டுகளைக் கைப்பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே அவ்வாதத்தை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வாதத்தைத்தான் துரைமார்கள் சம்சுவைக் காட்டிச் சொன்னார்கள் என்பதையும் மறந்துவிட முடியாது.

2022 ஜூலையில் அமைச்சர் கைரி ஜமாலுடின் ஒரு துணிச்சலான மசோதாவை மக்களவையில் வைத்தார். 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் புகையிலைப் பொருளையோ வேப்பையோ எந்நாளும் விற்கக்கூடாது என்பது அதன் உயிர். இருக்கின்றவர்களை விட்டுவிட்டு, இனி வரும் தலைமுறையைக் காப்போம் என்ற எண்ணம். இளைஞர்களைக் குற்றவாளிகள் ஆக்கலாமா, அமலாக்க அதிகாரிகளுக்கு இத்தனை அதிகாரம் கொடுக்கலாமா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். இவை நியாயமான கேள்விகளே. காவல் அதிகாரியின் கை எந்தப் பையனின் சட்டைப்பைக்குள் முதலில் நுழையும் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிற நமக்குத் தெரியாததன்று. மசோதா தெரிவுக்குழுவுக்குச் சென்றது. அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்தது.

புதிய அரசாங்கம் 2023 பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டத்தை வெளியிட்டது. நிக்கோடின் சாற்றுக்கு வரி வரும். அவ்வருவாயில் பாதி சுகாதார அமைச்சுக்குப் போகும். நோக்கம் நல்லதே. ஆனால் பட்டியலில் நஞ்சாக இருக்கும் பொருளைச் சாதாரணக் கடையில் விற்கவிட்டு வரி வசூலிக்க முடியாது. எனவே மார்ச் 31ஆம் நாள் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் சலிஹா முஸ்தபா, சாறு வடிவ நிக்கோடினுக்குப் பட்டியலிலிருந்து விலக்களித்தார். நச்சுப்பொருள் வாரிய உறுப்பினர்கள் இதற்கு உடன்படவில்லை என்ற செய்தி பின்னர் வெளியாயிற்று. மறுநாள், ஏப்ரல் 1 முதல், ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் வரி நடப்புக்கு வந்தது.

வரி வந்தது; வேலி வரவில்லை. நிக்கோடின் நஞ்சாக இருந்த வரை நச்சுப்பொருள் சட்டம் தடுத்தது. புகையிலை விதிகள் புகையிலைக்கு மட்டுமே பொருந்தின. இரண்டுக்கும் இடையில் வேப் விழுந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் 2024 செப்டம்பர் 30 வரை, 18 மாதங்கள், பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைக்கு நிக்கோடின் வேப் விற்பதைத் தடுக்க நாட்டுச் சட்டம் எதுவும் இல்லை. 2017இல் 9.8 விழுக்காடாக இருந்த இளையோரின் வேப் பழக்கம் 2022இல் 14.9 விழுக்காடாகியிருந்தது என்று தேசிய ஆய்வு முன்னரே காட்டியிருந்தது. ஆகவே தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதைச் சொல்வதற்கில்லை. வேலியைக் கட்டிவிட்டு வாசலைத் திறந்திருக்கலாம். சில மாத வரி போயிருக்கும், அவ்வளவே.

2023 ஜூனில் மசோதா மீண்டும் வந்தது. பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பது கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரணாகும் என்பது சட்டத்துறைத் தலைவரின் கருத்து. அப்பகுதி நீக்கப்பட்டு, நவம்பர் 30ஆம் நாள் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. டிசம்பரில் மேலவையும் ஏற்றது. இதே எண்ணத்தை 2022 டிசம்பரில் சட்டமாக்கியிருந்த நியூசிலாந்தும் 2024 பிப்ரவரியில் அதனை நீக்கிவிட்டது. வரி வருவாயும் அங்கே பேச்சில் அடிபட்டது.

சட்டம் 852 என்ற எண்ணோடு, 2024 அக்டோபர் 1 முதல் நம் சட்டம் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்கத் தடை, இணையத்தில் விற்கத் தடை, சிகரெட்டுக்கும் வேப்புக்கும் ஒரே சட்டம் என்று பல நல்ல கூறுகள் அதில் உள்ளன. உணவுச் சட்டத்தின் நிழலிலிருந்து புகையிலை ஒருவழியாக வெளியே வந்தது. 2025இல் சிலாங்கூர் அரசாங்கம் வேப் விளம்பரப் பலகைகளை அகற்றச் சொன்னது. மீண்டும் சுகாதார அமைச்சர் ஆகியிருந்த டாக்டர் சுல்கிப்ளி அகமது, வேப்பை முழுதாகத் தடை செய்யும் திசையில் செல்வதாக அறிவித்தார். வரி போட்டு இரண்டே ஆண்டுகளில் பேச்சு தடைக்குத் திரும்பியது.

2007 ஜனவரி 1இல் பிறந்த பிள்ளைக்கு 2025 ஜனவரி 1இல் 18 வயது நிறைந்தது. முதல் மசோதா நிறைவேறியிருந்தால் எந்நாளும் வாங்க முடியாதிருந்த அந்தப் பிள்ளை, அன்று காலையே கடைக்குச் சென்று அடையாள அட்டையைக் காட்டி ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம். சிகரெட் ஒன்றுக்கு 40 சென் வரியோடு.