மண்டபத்தில் தொடங்கிய இலங்கை

இலங்கை செல்வோர் புறப்படுமுன் இணையத்தில் முன்னனுமதி பெறும் ஏற்பாடு 2012 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. கணினி யுகத்தின் புதுமையாக அது தோன்றலாம். ஆனால் புறப்படும் கரையிலேயே பயணியை நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் நமக்குப் பழையது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் விழுப்புரம் வழியே தனுஷ்கோடி சென்று கப்பலைத் தொட்டது. காணை போன்ற கிராமத்தாருக்கும் கொழும்பு ஒரு ரயில் சீட்டின் தொலைவில் வந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ இலங்கை மண்டபத்திலேயே தொடங்கிவிட்டது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய அம்முகாமில் அவர்களை நாள்கணக்கில் தங்கவைத்து, காலரா, அம்மை அச்சம் நீங்கிய பின்னரே கப்பலேற்றினர். மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எண்கள் துளையிட்ட தகரவில்லையே அவர்களது அடையாளம்.

1948இன் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையேல் பாட்டனும் கொள்ளுப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. எண்ணி எண்ணி அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் அதற்கான தாள் இல்லை. 1964 ஒப்பந்தப்படி திரும்பியோரை வரவேற்றதும் அதே மண்டபம் முகாம். 1983க்குப்பின் அகதிகள் வந்து சேர்ந்ததும் அங்கேதான். நுழைவதற்கான அனுமதி வாழ்வதற்கான உரிமை ஆகாது என்பதை அம்முகாமைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் நம் கரையில் வேறில்லை.