உண்டைவில்லும் நரித்தோலும்

விருத்தாசலத்தின் பெயரைச் சொன்னால் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பலர் நினைவில் எழுவது பீங்கான். நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைத்த வெண்களிமண் இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வளர ஆதாரமாயிற்று. சூளைகளிலிருந்து பொம்மையும் மின்காப்புக் கட்டையும் வெளிவருகின்றன. பீங்கான் என்னும் சொல்லே பாரசீகப் 'பிங்கான்'. அரபியர் அதனைத் தம் நாவுக்கேற்ப 'ஃபின்ஜான்' ஆக்கிக் காஃபிக் கிண்ணத்துக்குச் சூட்டினர். தமிழர் ஏறக்குறைய உள்ளபடியே ஏற்றுக்கொண்டனர்.

ஆயினும் நாம் இங்கே எடுத்துக்கொள்வது கிண்ணமான களிமண்ணை அன்று, குண்டான களிமண்ணை. பண்டைத் தமிழகத்தில் உண்டைவில் என்றொரு கருவி இருந்தது. அம்புக்குப் பதிலாக, உருட்டி உலர்த்திய களிமண் உருண்டையை நாணில் வைத்து எறியும் வில் அது. சிறுவயதில் இராமன் கூனியின் முதுகில் உண்டை எய்தான் என்னும் செய்தியைக் கம்பர் சொல்லியிருப்பதால், அக்கருவி அவர் காலத்து மக்களுக்குப் பழக்கமானதென்று கொள்ளலாம்.

இதே கருவி அரபுலகிலும் இருந்தது. அங்கே உருண்டைக்குப் 'புந்துக்' என்று பெயர். புந்துக் என்பது உண்மையில் ஒருவகைக் கொட்டை. கருங்கடற்கரைப் பொந்துஸ் நாட்டிலிருந்து வந்த கொட்டையாதலால் கிரேக்கர் அந்நாட்டுப் பெயரால் அழைத்தனர். அப்பெயரே அரபியில் புந்துக் ஆனது. கொட்டையளவு உருட்டிய களிமண்ணும் அப்பெயரையே பெற்றது. அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர் லிதீனில்லாஹ் (ஆட்சி 1180–1225) புந்துக் எய்தலை 'ஃபுதுவ்வா' என்னும் வீரர் சங்கங்களின் ஒழுங்குக்குள் கொண்டுவந்து, தாமே அதன் தலைவராக விளங்கினார். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸின் பெயருக்குப் பின்னால் வரும் 'அல்புந்துக்தாரீ' என்பதும் இதன் தடமே. அவருடைய முதல் எசமானர் அரசரின் உண்டைவில்லைக் காக்கும் பதவியில் இருந்தவர். அவரது பட்டம் அடிமையாயிருந்து அரசரானவருக்கும் ஒட்டிக்கொண்டது. வெடிமருந்து வந்தபின் களிமண் உருண்டையின் இடத்தை ஈய உருண்டை பிடித்தது. பெயர் மாறவில்லை. இன்றும் அரபியில் துப்பாக்கிக்குப் 'புந்துகிய்யா' என்றே பெயர். வெனிஸ் நகரையும் அரபியர் அல்புந்துகிய்யா என்பதால், துப்பாக்கி அந்நகரிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுவர். நமக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. நம் 'துப்பாக்கி'யோ துருக்கியச் சொல்லின் வழிவந்தது. திருக்குறளின் வான்சிறப்பில் அதே ஒலியோடு வரும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை.

சொல்லாராய்ச்சியோடு நிற்கும் செய்தியன்று இது. வேட்டைக் கருவி மாறும்போதெல்லாம் ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டனர்: இப்பொருள் பிராணியின் உடலில் என்ன செய்கிறது? துளைக்கிறதா, நசுக்குகிறதா, எரிக்கிறதா?

இதன் வேர் தய்யு குலத்தவரான அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் வினாவில் இருக்கிறது. வேட்டையில் பழகிய அவர், 'மிஃராள்' என்னும் இறகில்லாக் கோலைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். கூர்முனை பட்டு ஊடுருவினால் உண்ணலாம். குறுக்காகப் பட்டுச் செத்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணலாகாது என்பது விடையின் பொருள். அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் விலக்கியவற்றுள் அடிபட்டுச் செத்ததும் ஒன்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் புந்துக்கினால் கொல்லப்பட்டதையும் அவ்வகையிலேயே சேர்த்தார்கள். இமாம் புகாரீ (ரஹ்) இதைத் தம் தொகுப்பில் மிஃராள் பற்றிய தலைப்பின்கீழ்க் குறித்துள்ளார்கள். ஊர்களுக்குள் புந்துக் எய்வதை ஹஸன் பஸரீ (ரஹ்) வெறுத்தார்கள் என்ற செய்தியும் அங்கேயே உள்ளது. கல் சுண்டி விளையாடுவது வேட்டையை வீழ்த்தாது, பகைவரையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்ற கருத்தில் அப்துல்லாஹிப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கும் ஹதீஸையும் இதனுடன் சேர்த்துக் காண்க.

நம் மாணவர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு: நரிக்குறவர் சுட்டுக் கொண்டுவரும் கொக்கும் காடையும் ஹலாலா? சுட்டவர் யார் என்னும் கேள்வி ஒருபுறம் இருக்க, ஈயக்குண்டின் நிலையே நெடுநாள் விவாதத்துக்குரியது. பதினாறாம் நூற்றாண்டின் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) களிமண் உருண்டையையும் நெருப்பால் எய்யப்படும் குண்டையும் வேறுபடுத்தி, பின்னதைப் பொதுவாகத் தடை செய்தார்கள். ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள்: எய்பவன் தேர்ந்தவனாக இருந்து, பெரிய பறவையின் சிறகைக் குறிவைத்து, அதைப் பறக்காமல் நிறுத்துவது மட்டுமே நோக்கமானால் தடையில்லை. எந்த உறுப்பில் குண்டு படவேண்டும் என்பதையே சட்டத்தின் நிபந்தனையாக்கிய நுட்பம் இது. ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836), ஈயக்குண்டுக்குக் கூர்மை இல்லை, சூட்டாலும் தள்ளும் விசையாலுமே அது கொல்கிறது என்று கூறி விலக்கினார்கள். மாலிகீ அறிஞர் அத்தர்தீர் (இறப்பு 1786), குண்டு மற்ற ஆயுதங்களைவிட விரைந்து குருதியை ஓட்டுகிறது என்பதால் அனுமதித்தார்கள். யமனின் அஷ்ஷவ்கானீயும் (இறப்பு 1834) குண்டு ஊடுருவுகிறது என்று அதே முடிவுக்கு வந்தார்கள்.

இவர்கள் மூலச் சட்டத்தில் வேறுபடவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். துளைத்தால் ஆகும், நசுக்கினால் ஆகாது என்பதில் எல்லாரும் ஒன்று. குண்டு துளைக்கிறதா நசுக்குகிறதா என்ற கண்ணால் காணும் செய்தியிலேயே பிரிந்தனர். அவர்கள் அறிந்தது உருண்டையான ஈயம். இன்றைய கூர்முனைத் தோட்டாவை முன்வைத்தால் மறுத்தவர்களுள் சிலரேனும் தம் கருத்தை மறுபடி எடைபோட்டிருப்பர் என்பது நம் எண்ணம். ஆனால் நாட்டுத் துப்பாக்கியின் குழலில் கருமருந்திட்டு, நார் அடைத்து, அதன்மேல் கொட்டும் சிறு ஈயக்குண்டுகள் பழைய உருண்டைகளே. எனவே நிலையான உயிரோடு பிடித்து அறுத்தாலன்றி அவற்றால் வீழ்ந்த பறவையை உண்ணவேண்டாம் என்றே நாம் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறோம்.

இதுகாறும் பேசியது இறைச்சிக்கான வேட்டை. தோலுக்காக வேட்டையாடுபவன் இதற்கு நேரெதிரான கேள்வியோடு காட்டுக்குப் போகிறான். ஊடுருவும் ஆயுதமே அவனுக்குப் பகை. துளை ஒவ்வொன்றும் தோலின் விலையைக் குறைக்கும். சைபீரிய வேடர் அணிலையும் ஸேபிள் என்னும் மென்மயிர்ப் பிராணியையும் மொட்டைத்தலை அம்பால் அடித்தனர். தோல் கிழியாமல் பிராணி விழும். அதாவது, அதிய்யின் கோல் குறுக்காகப் பட்டால் எதுவோ அதுவே இவர்களின் கலை. அந்த மயிர்த்தோல்களுக்குப் பெரிய சந்தையாக இருந்தது இஸ்லாமிய உலகமே. 921இல் பாக்தாதிலிருந்து வோல்கா பல்காரியருக்குத் தூது சென்ற இப்னு ஃபள்லான் தம் பயணக் குறிப்பில் அவ்வணிகத்தைச் சொல்கிறார். புர்தாஸ் நாட்டுக் கருநரித் தோலின் மதிப்பை மஸ்ஊதீ எழுதியுள்ளார். ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் நூலில் இமாம் நவவீ (ரஹ்) ஹலாலான பிராணிகளை அடுக்கும்போது ஸம்மூர், ஃபனக் என்னும் மென்மயிர்ப் பிராணிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பது இப்பின்னணியில் பொருளுடையது. அதே நூல் நம்மூர் நரியை, அதாவது 'இப்னு ஆவா'வை, சரியான சொல்லின்படி ஹராம் என்கிறது. (நவவீயும் மேற்சொன்ன பைபர்ஸும் ஹிஜ்ரி 676 என்னும் ஒரே ஆண்டில் மறைந்தனர். வரிச்சுமை குறித்துச் சுல்தானுக்கு இமாம் கண்டித்து எழுதிய வரலாறு யாவரும் அறிந்ததே.)

வட அமெரிக்காவில் கொயோட்டி என்றொரு பிராணி உண்டு. நம் நரிக்கு நெருங்கிய உறவு. அதைத் தோலுக்காகச் சுடுவோர் இக்கணக்கை மிக நுணுக்கமாகப் போடுகின்றனர். .17 அங்குலம், .22 அங்குலம் போன்ற சிறு விட்டமுள்ள தோட்டாவை, நொடிக்கு 1,000 மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் செல்லும் வேகத்தில் செலுத்துகின்றனர். மெல்லிய உறையுள்ள இலேசான தோட்டா ஊசித்துளையாக உள்ளே புகுந்து, உடலுக்குள்ளேயே சிதறி, மறுபுறம் வெளிவராமல் நின்றுவிடும். அதுவே தோள் எலும்பில் பட்டால் மேற்புறத்திலேயே வெடித்துத் தோலைக் கையகலம் கிழிக்கும். சிதறாத கெட்டி உறைத் தோட்டா இருபுறமும் சிறுதுளையிட்டுப் போய்விடும். தோல் தப்பும், ஆனால் பிராணி காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். கொல்வதிலும் அழகிய முறையை விதித்த மார்க்கம் நம்முடையது. வேதனையை நீட்டித்துத் தோலைக் காப்பதை அது எப்படி ஏற்கும்? உள்ளே சிதறி உடனே கொல்லும் தோட்டா அவ்வகையில் மேல் என்று சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டு நரிவேட்டையின் கதை வேறு. விருத்தாசலம் ரயில் சந்திப்பிலும் பேருந்து நிலையத்திலும் ஊசிமணி பாசிமணி விற்போரைக் காணாதவர் இல்லை. இந்தோ ஆரிய இனத்தைச் சேர்ந்த வாக்ரிபோலி பேசும் இம்மக்களுக்கு நரியே பெயராயிற்று. ஆயினும் நரிக்கு அவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. நரிபோல ஊளையிட்டு அதை வரவழைத்து வலையிலும் கண்ணியிலும் சிக்கவைப்பதே அவர்களின் பழைய கலை. சிறுகுண்டு பறவைக்கு, வலை நரிக்கு. ஒருபிடி ஈயக்குண்டு பாய்ந்த தோல் சல்லடையாகும் என்பதை அறிய அவர்களுக்கு எந்த நூலும் தேவைப்படவில்லை.

அத்தோலில் செய்த சுருக்குப்பையும், 'நரிக்கொம்பு' என்று விற்கப்பட்ட பொருளும் நம் வீடுகளிலும் நுழைந்ததுண்டு. நரிக்குக் கொம்பு கிடையாது. அதை நலம் தரும் என்று நம்பி வைத்துக்கொள்வது ஈமானுக்கு ஊறு. இதில் விற்றவரை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை. வாங்கியவர் படித்தவர்.

தோலின் சட்டத்துக்கு வருவோம். உண்ணத்தகாத பிராணியை அறுத்தாலும் ஷாஃபிஈ மத்ஹபில் அது செத்த பிராணியே. ஆகவே நரி குண்டால் செத்ததா, வலையில் செத்ததா என்பது அதன் தோலின் தூய்மையை மாற்றாது. நாய், பன்றி, அவற்றின் வழிவந்தவை தவிர எத்தோலும் பதனிட்டால் தூய்மையாகும். உயிரியலார் நரியை நாய்க் குடும்பத்தில் சேர்ப்பதால் அது நாயாகிவிடாது. ஃபிக்ஹு வழக்கிலுள்ள பெயரையே பார்க்கிறது. ஆனால் பதனிடல் என்பது காரத்தன்மையுள்ள பொருளால் கொழுப்பையும் அழுகலையும் போக்குவது. ஹதீஸில் வரும் கரள் மர இலைபோல, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முஸ்லிம் தோல்மண்டிகளின் முன்னோர் கையாண்ட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பொருத்தமானவை. உப்பிட்டு வெயிலில் காயவைத்த தோல் ஷாஃபிஈகளுக்குப் போதாது, ஹனஃபீகளுக்குப் போதும். அதைவிடப் பெரிய வேறுபாடு மயிரில் இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் செத்த பிராணியின் மயிர் தானே தூய்மையானது. ஷாஃபிஈயிலோ பதனிடல் தோலைத் தூய்மையாக்கும். மயிரை ஆக்காது, மிகச் சொற்பம் மன்னிக்கப்படும். கொடிய விலங்குகளின் தோலில் அமர்வதைத் தடுக்கும் ஹதீஸுக்கு இம்மயிரையே காரணமாகச் சொன்ன அறிஞரும் உண்டு. ஆக, எந்தத் துளையுமில்லாமல் வேடன் காத்துத்தந்த மயிர்த்தோல், கடலோரப் பரங்கிப்பேட்டையின் ஷாஃபிஈக்கு அந்த மயிராலேயே பயனற்றதாகிறது. உள்நாட்டு ராவுத்தருக்கு ஆகிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் நரியைக் கொல்வதும் தோலை விற்பதும் குற்றம். விருத்தாசலம்–சேலம் பாதையிலுள்ள வாழப்பாடிப் பகுதியில் பொங்கலையொட்டி நரியை வலையில் பிடித்து ஊர்வலம் விடும் வழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் விதித்துள்ளது. நரிக்குறவர் 2023இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். தொழில் முன்பே போய்விட்டிருந்தது. நாட்டின் சட்டத்துக்கு இணங்குவது நம் கடமையாதலால் புதிதாக வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. எஞ்சுவது பாட்டனார் பெட்டியில் கிடக்கும் பழைய சுருக்குப்பை பற்றிய கேள்விதான். ஷாஃபிஈ வீடாயின், உலர்ந்த பொருளை அதில் வைப்பதால் அப்பொருள் அசுத்தமாகாது; தொழும்போது மட்டும் அது உடலிலோ உடையிலோ இருக்கலாகாது.